செஞ்சி மலைக்கோட்டையும் கமலக்கண்ணி அம்மனும்

கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களிலிருந்து வேன் அமர்த்திக்கொண்டு வடக்கே யாத்திரை செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு தலங்களை மனத்தில் வைத்தே புறப்படுகின்றன. பௌர்ணமியாயின் திருவண்ணாமலைக் கிரிவலம். அமாவாசையாயின் மேல்மலையனூர் அங்காளம்மனின் ஊஞ்சல் சேவை. இவ்விரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவர எண்ணுவோர் செஞ்சி வழியாகச் செல்வதும் உண்டு. திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் இணைக்கும் சாலை செஞ்சிக் கோட்டையின் மதில்களை ஊடறுத்தே போகிறது. இருபுறமும் யாரோ கூடை கூடையாகக் கொட்டிக் குவித்தாற்போன்ற பாறை மலைகள். அவற்றின் முடியில் மதில். மதிலுக்கு மேல் மண்டபம். வண்டியில் உள்ள பெரியவர் ஒருவர் "அதோ, தேசிங்குராஜன் கோட்டை" என்று கைகாட்டுவார். வண்டி நிற்பதில்லை. கோட்டை என்பது அரசர்களின் சங்கதி, கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணமே காரணம்.

அவ்வெண்ணம் சரிதானா என்பதைச் சற்று ஆராயலாம்.

2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் யுனெஸ்கோ அமைப்பு செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. தனியாக அன்று, மராட்டியரின் இராணுவ அரண்கள் என்ற தலைப்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 கோட்டைகளுள் ஒன்றாக. அவற்றுள் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி. தமிழகத்துக்குப் பெருமை தரும் செய்திதான். ஆயினும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. சத்ரபதி சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியது 1677இல். மராட்டியர் அதனை இழந்தது 1698இல். ஆக 21 ஆண்டுகள். கோட்டையின் வயதோ எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல். பட்டயத்தில் எழுதப்பட்ட பெயர் அந்த 21 ஆண்டுகளுக்கு உரியது. கோட்டை எழும் முன்பே அம்மலையில் குடிகொண்டிருந்தவளாக மக்கள் போற்றும் ஒருத்தியின் பெயர் அதில் இல்லை. அவளே கமலக்கண்ணி அம்மன்.

செஞ்சியில் மலைகள் மூன்று. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி எனப்படும் சந்திராயன் துர்க்கம். ராஜகிரிக்கு அப்பெயர் பிற்காலத்தில் வந்தது. அதன் பழைய பெயர் கமலகிரி. மலையின் இடைப்பகுதியில் எழுந்தருளியிருக்கும் கமலக்கண்ணியின் பெயரே மலைக்கு ஆயிற்று. ஏழு கன்னியருள் ஒருத்தி இவள் என்றும், ஊருக்குப் பெயர் தந்த செஞ்சியம்மன் மற்றொரு கன்னி என்றும் அப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஆக, ஊரின் பெயரும் ஒரு தெய்வத்தினுடையது. மலையின் பெயரும் ஒரு தெய்வத்தினுடையது. அரசர்கள் பிறகுதான் வந்தனர்.

முதலில் வந்தவர் அரச குலத்தாரும் அல்லர். ஆடு மாடு மேய்த்த கோனார் குலத்தில் தோன்றிய ஆனந்தக் கோன் என்பவர் சுமார் 1200ஆம் ஆண்டளவில் கமலகிரியில் கோட்டை கட்டினார் என்பது மரபு. மந்தையை ஓட்டிச் சென்றபோது அவருக்குப் புதையல் கிடைத்தது என்றும், அதைக்கொண்டு சுற்றுவட்டாரத்தைத் தம் வசமாக்கினார் என்றும் கதை விரிகிறது. அவர் மலைக்கு ஆனந்தகிரி என்று பெயரிட்டார். அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் வடமலையை அரணாக்க, அது கிருஷ்ணகிரி ஆயிற்று. இச்செய்திகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்னும் நூலில் உள்ளன. புதையல் கதையை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். மலையின் ஒவ்வொரு பாறையையும் சுனையையும் அறிந்தவன் இடையனே என்பதில் மட்டும் ஐயம் வேண்டியதில்லை. எங்கே தண்ணீர் வற்றாது, எங்கே ஏறலாம், எங்கே ஏற இயலாது என்ற அறிவே மலைக்கோட்டையின் முதல் அஸ்திவாரம்.

கோனார்களுக்கு முன்பும் அந்நிலம் வெறுமையாக இருந்ததில்லை. அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்ததைக் கூறும் பழங்கல்வெட்டும் அங்கு உண்டு. மேலச்சேரியில் பல்லவர் காலத்துச் சிவன் குடைவரை இருக்கிறது. சிங்கவரத்து அரங்கநாதர் குடைவரையும் பல்லவர் காலத்ததே. சிங்கவரம் பற்றிப் பின்னர் விரிவாகக் காண்போம்.

இனிக் கோட்டையின் அமைப்பு. மூன்று மலைகளையும் மூன்று மூலைகளாகக் கொண்டு முக்கோணமாக மதில் ஓடுகிறது. மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். அது வளைத்துள்ள நிலம் 11 சதுர கிலோமீட்டர். நம் பக்கத்துக் கணக்கில் ஏறத்தாழ 2,700 ஏக்கர். மதிலுக்கு வெளியே 80 அடி அகல அகழி. கட்டியவர்கள் மலையோடு மல்லுக்கு நிற்கவில்லை. பெரும்பாறை நிற்கும் இடத்தில் அப்பாறையையே மதிலாக விட்டுவிட்டு, இரு பாறைகளுக்கு இடையே உள்ள வெளியை மட்டும் கல்லால் அடைத்திருக்கின்றனர். தொலைவிலிருந்து பார்த்தால் மலை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம். வாயில்களும் நேராக அமைந்தவை அல்ல. வடக்கே ஆர்க்காட்டு வாயில், கிழக்கே பாண்டிச்சேரி வாயில். ஒன்றனுள் நுழைந்தவன் உடனே திரும்ப வேண்டும். யானை ஓடிவந்து முட்டுவதற்கு வேண்டிய தூரம் கிடைக்காதபடி செய்த ஏற்பாடு இது.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. கருங்கல் படிகள் உண்டு. சதுரகிரிக்குத் தாணிப்பாறையிலிருந்து ஏறிப் பழகிய கால்களுக்கு இவ்வுயரம் பெரிதன்று. ஆனால் சதுரகிரியில் உள்ள மரநிழலும் ஓடைகளும் இங்கே கிடையா. வெயில் பாறையில் பட்டு முகத்தில் அறையும். வாயில் கடந்து வாயில் என ஏறிச் செல்லும் வழியில் இடைமலையில் கமலக்கண்ணி அம்மன் சந்நிதி வருகிறது. கோட்டைக்குச் செல்லும் ஒரே பாதை அவளைக் கடந்துதான் போயாக வேண்டும். இது தற்செயலாக அமைந்ததன்று. பண்டைக் காலத்தில் துர்க்கத்துக்குத் துர்க்கையே காவல். போருக்குப் போகும் வீரன் அவளை வணங்கிச் சென்றான்; மீண்டவன் அவளுக்குப் பலி தந்தான். எருமைத் தலைகள் செதுக்கிய பலிக்கல் அக்காலத்தின் சான்றாக அங்கு நிற்கிறது.

அம்மனைக் கடந்து மேலே ஏறினால் வழி திடுமென்று முடிந்துவிடும். மலையின் உச்சிப் பாறைக்கும் எஞ்சிய மலைக்கும் நடுவே இயற்கையாக அமைந்த பெரும் பிளவு ஒன்று உள்ளது. அகலம் இருபது அடிக்கு மேல். ஆழம் அறுபது அடி. அதன் மீது ஒரு மரப்பாலம். பகைவர் வந்தால் பாலத்தை எடுத்துவிடுவர், அவ்வளவுதான். கீழே உள்ள கோட்டை முழுவதும் வீழ்ந்தாலும் மேலே சில பேர் இருந்து காத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவின் மலைக்கோட்டைகளில் அகழியின் மேல் தூக்குப்பாலம் அமைக்கப் பெரும் பொருள் செலவிட்டனர். இங்கே அகழியை மலையே வெட்டித் தந்துவிட்டது. பாலத்துக்கு அப்பால் களஞ்சியம், கருவூலம், மணிக்கூண்டு, பீரங்கி, அவற்றின் நடுவே அரங்கநாதருக்கு ஒரு சிறு கோயில். சோறும் பொன்னும் மருந்தும் வைத்த இடத்திலேயே பெருமாளையும் வைத்தனர். எல்லாம் போனாலும் விடக்கூடாதவை எவை என்று அரசன் போட்ட பட்டியல் அந்த உச்சியில் கட்டடமாக நிற்கிறது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இக்கோட்டையைச் சொன்னதாகாது. மலைமேலேயே நல்ல சுனைகள் உண்டு. மழைநீரைத் தேக்கும் தொட்டிகளும் உண்டு. அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இருக்கின்றன. அரச மகளிர் வாழ்ந்த கல்யாண மகால் என்னும் மாளிகையின் நடுவே எட்டு அடுக்குகளோடு கூம்பு முடி கொண்ட கோபுரம் எழுகிறது. சக்கரக்குளத்து நீரைச் சுட்ட மண் குழாய்கள் வழியாக அதன் மேல் அடுக்குகளுக்கும் கொண்டுசென்றுள்ளனர். மின்சார மோட்டார் இல்லாத காலத்தில், குளத்து மட்டத்துக்கும் மாடத்து மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுச் செய்த வேலை. மாடியில் தண்ணீர் வரவில்லை என்று இன்றைய அடுக்ககங்களில் எழும் கூச்சலைக் கேட்டவர்கள் அந்தக் குழாய்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கோனார்களுக்குப் பின் செஞ்சி விஜயநகர ஆட்சியின் கீழ் வந்து, நாயக்கர்களின் தலைநகரமாயிற்று. மதில்களும் களஞ்சியங்களும் கோயில்களும் பெருகிய காலம் அது. 1597இல் இங்கு வந்த பிமெந்தா என்னும் ஏசுசபைப் பாதிரியார், போர்த்துக்கல் நாட்டில் லிஸ்பன் நீங்கலாக இதற்கு நிகரான நகரம் இல்லை என்று எழுதினார். அவரே வேறொரு காட்சியையும் எழுதி வைத்திருக்கிறார். செஞ்சியின் கிருஷ்ணப்ப நாயக்கர் தில்லையில் கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதித் திருப்பணியை மேற்கொண்டபோது, அதை எதிர்த்த தீட்சிதர்கள் கோபுரத்தின் மேலிருந்து குதித்து உயிர்விட்ட கொடுமை அது. பக்தியும் அதிகாரமும் ஒரே கையில் சேரும்போது நேரும் துயரங்களுள் ஒன்று. அதை மறைத்துவிட்டு நாயக்கர்களின் திருப்பணிகளை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

நாயக்கர்கள் செஞ்சியில் எழுப்பிய பெருங்கோயில் வேங்கடரமணர் ஆலயம். 16ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டியதாகக் கூறுவர். கோட்டைக்குள் உள்ள கோயில்களில் இதுவே பெரியது. சமதளத்தில், பாண்டிச்சேரி வாயிலுக்கு அருகில் இருப்பதால் மலையேற இயலாதோரும் எளிதில் சென்று காணலாம். ராஜகோபுர வாயிலின் உட்சுவர்களில் இராமாயணக் காட்சிகளும், திருமாலின் அவதாரங்களும், பாற்கடல் கடைந்த காட்சியும் வரிவரியாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு பேரக்குழந்தையை அருகில் நிறுத்தி, அந்தக் கல்லைக் காட்டியே இராமகாதையைச் சொல்லிவிடலாம். ஆனால் பிராகாரத்தில் நடக்கும்போது ஏதோ குறைகிறது என்று மனம் சொல்லும். குறைவது தூண்கள். பிரெஞ்சுக்காரர்கள் இக்கோட்டையைத் தம் வசம் வைத்திருந்த காலத்தில், ஒரே கல்லில் வடித்த உயரமான தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோயினர். இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் சிற்பத் தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவை எனச் சொல்லப்படுபவை. மாலையில் கடற்காற்று வாங்கச் செல்வோர் அவற்றில் சாய்ந்து நின்று படமெடுத்துக் கொள்கின்றனர். பெருமாள் கோயில் தூண்கள் என்று அங்கே எத்தனை பேர் அறிவர்? நெடுங்காலம் பூசையின்றிக் கிடந்த ஆலயம் ஒன்று இங்கே. அதன் தூண்கள் அங்கே.

நாயக்கர்களிடமிருந்து 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பறித்தது. பிறகே சிவாஜி வந்தார். அவர் பழைய அரண்களைத் திருத்தி, புதிய மதில்களையும் அகழிகளையும் அமைத்தார். அந்தத் தொலைநோக்கின் பயனை அவர் மகன் அனுபவித்தார். அவுரங்கசீப்பின் படைகள் மகாராஷ்டிரத்தை விழுங்கியபோது, சிவாஜியின் இளைய மகன் இராஜாராம் மாறுவேடத்தில் தப்பி வந்து செஞ்சியில் அமர்ந்தார். சில ஆண்டுகள் மராட்டிய அரசின் தலைநகரமே தமிழ்நாட்டுச் செஞ்சிதான். மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை வீழ்ந்தது 1698இன் தொடக்கத்தில். ஹோமர் பாடிய ட்ராய் நகர முற்றுகை பத்தாண்டு நீடித்தது என்பர். செஞ்சி அதற்கு இரண்டாண்டே குறைவு. வெள்ளையர்கள் இதனைக் 'கிழக்கின் ட்ராய்' என்று அழைத்தது மிகையன்று. மூன்று மலைகளையும் முழுதாகச் சூழ்ந்துகொள்ளும் அளவுக்கு எந்தப் படையும் போதவில்லை. வெளியிலிருந்து மராட்டியக் குதிரைப் படைகள் முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டன. சுல்பிகர்கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அக்காலத்தவரே ஐயுற்றனர். இறுதியில் கோட்டை கிடைத்தபோது இராஜாராம் அதில் இல்லை. முன்னரே வெளியேறி மகாராஷ்டிரம் திரும்பியிருந்தார்.

அடுத்து வருவதே ஊரறிந்த தேசிங்குராஜன் கதை. மொகலாயர் இக்கோட்டையை புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கிடம் ஒப்படைத்தனர். அவர் செலுத்த வேண்டிய கிஸ்தி ஆண்டுக்கணக்கில் பாக்கி நின்றது. 1714இல் அவர் மறைந்தபின் மகன் தேஜ்சிங், அதாவது தேசிங்கு, பொறுப்பேற்றார். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் பாக்கியைக் கேட்டார், இளைஞர் மறுத்தார். தந்தையின் கடன் 22 வயதுப் பிள்ளையின் தலையில் வந்து விழுந்தது. சில நூறு குதிரை வீரர்களோடு நவாபின் பெரும்படையை எதிர்த்துச் சென்ற அவர், அவ்வாண்டு அக்டோபர் மாதம் போர்க்களத்தில் வீழ்ந்தார். உற்ற நண்பரான முகமதிய வீரரும் அதே போரில் மாண்டார். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் அவர்கள் இருவரும், நீலவேணி என்னும் குதிரையும் இன்றளவும் சேர்ந்தே வாழ்கின்றனர். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாக நவாபே அமைத்த ஊர் ராணிப்பேட்டை என்பர். சக்கரக்குளத்துக்கும் செட்டிக்குளத்துக்கும் இடையே உள்ள மேடையை அத்தகனம் நிகழ்ந்த இடமாகக் காட்டுகின்றனர்.

தேசிங்கு வழிபட்ட பெருமாள் சிங்கவரத்து அரங்கநாதர். செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டரில், சிறு குன்றின் மேல் உள்ள குடைவரை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயியைச் சேவித்துப் பழகிய கண்களுக்கு இச்சந்நிதி புதிதாகவும் தோன்றும். மிகவும் பழகியதாகவும் தோன்றும். ஆதிசேடன் மேல் பள்ளிகொண்ட நீண்ட திருமேனி. தனியாகச் செய்து கொண்டுவந்து வைத்ததன்று. குகையைக் குடைந்தபோதே அந்தப் பாறையில் வடித்தது. ஆகவே எந்தப் படையாலும் அதனைப் பெயர்த்தெடுத்துச் செல்ல முடியவில்லை. அவருடைய திருமுகம் சற்றே திரும்பியிருக்கும். போருக்குப் புறப்படும் முன் தேசிங்கு விடைபெற வந்தபோது, போகாதே என்பதுபோல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரார் கூறுவர். குடைவரை தேசிங்குக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. சிற்பி அன்றே அப்படித்தான் வடித்திருப்பார் என்று கல்விமான்கள் சொல்லலாம். அவர்கள் சொல்வது சரியே. ஆயினும் அச்சந்நிதியில் நின்று அந்தத் திருமுகத்தைக் காணும்போது, பிள்ளையைத் தடுக்க முடியாமல் முகம் திருப்பிக்கொண்ட ஒரு தகப்பனே நினைவுக்கு வருகிறார். ஆண்டாள் நாச்சியார் கைப்பிடித்த அரங்கன் இங்கே அடியவன் ஒருவனுக்காக வருந்தியதாக மக்கள் எண்ணியதில் தவறென்ன? அரங்கநாயகித் தாயார் சந்நிதியும், பழமையான கொற்றவைச் சிற்பமும் இத்தலத்தில் உண்டு.

தேசிங்குக்குப் பின் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1750 செப்டம்பரில் ஒரே இரவில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அதைக் கைப்பற்றினார். எட்டாண்டு முற்றுகைக்கு அசையாத மலை, ஓர் இருட்டில் வீழ்ந்தது. 1761இல் புதுச்சேரியை அடுத்து இதுவும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1780இல் ஹைதர் அலி பிடித்தார். அதற்குப் பின் பீரங்கியின் காலத்தில் மலைக்கோட்டைக்கு மதிப்பில்லாமல் போக, அரசர்கள் எல்லோரும் விட்டுப் போயினர். 1921இல் தொல்லியல் துறையின் பாதுகாப்புக்கு வந்தது. இப்போது நுழைவுச் சீட்டு உண்டு; நேரக் கட்டுப்பாடு உண்டு. உச்சிக்கு ஏற விரும்புவோர் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும். பிற்பகலில் மேலே விடுவதில்லை. மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. உடன் தண்ணீர் தேவை. குரங்குகள் மிகுதி, கையில் பழப்பை தொங்கக்கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் வேங்கடரமணர் ஆலயத்தையும் கல்யாண மகாலையும் கண்டு, சிங்கவரத்தில் பெருமாளைச் சேவித்தால் போதுமானது. அங்கும் படிகள் உண்டு, ஆனால் ராஜகிரியைப் போல் அன்று.

ராஜகிரியின் இடைமலையில், பாலத்துக்குக் கீழே, கமலக்கண்ணி அம்மனுக்குச் சித்திரை மாதத்தில் திருவிழா நடைபெறுகிறது. சுற்றுக் கிராமத்தார் சுடுபாறைப் படிகளில் ஏறிப் பொங்கல் வைக்கின்றனர். அந்நாள்களில் செஞ்சியைக் கடந்து செல்லும் வண்டிகள் அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நின்றால், மேலிருந்து வரும் பம்பை ஒலியைக் கீழிருந்தே கேட்கலாம்.